கடைக்குட்டி சொல்ற மினோட்டார் கதையில காளை சாகல. பெரியதுக திருத்தலாமா?

செக்காலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிதான் நான். மூணு பிள்ளைக. பெரியவ ஒன்பதாவது, நடுவன் ஆறாவது, கடைக்குட்டி ஒண்ணாவது படிக்கிறா. கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன். சுருக்கிச் சொன்னா நீங்க எனக்குத்தான் புத்தி சொல்லுவீக.

சிங்கப்பூர்ல இருக்கற எங்க அண்ணன் வந்தப்ப பிள்ளைகளுக்கு ஒரு படப்புத்தகம் கொண்டாந்தாக. கிரேக்கக் கதைக. இங்கிலீஷ்ல இருக்கறதால படுக்கப்போறப்ப நான்தான் தமிழ்ல சொல்லுவேன். அதுல குட்டிக்குப் பிடிச்சுப்போனது மினோட்டார் கதை. தெரியாதவுகளுக்காகச் சொல்றேன். கிரீட் தீவு ராசா மினோஸ். கடல் தெய்வம் பொசைடன் அவருக்கு ஒரு வெள்ளைக் காளையை அனுப்புது, தனக்கே அதைப் பலி குடுக்கணும்னு. காளை ரொம்ப அழகு. ராசா வேற ஒரு மாட்டைக் குடுத்துட்டு இதை வச்சுக்கிட்டார். தெய்வத்துக்கு வந்த கோவத்துல ராணி பாசிஃபேக்கு மாட்டுத் தலையும் மனுச உடம்புமா ஒரு பிள்ளை பிறக்குது, அதுதான் மினோட்டார். அதை அடைச்சுவைக்க டீடலஸ்ங்கற ஸ்தபதி, உள்ள போனா வெளிய வரத் தெரியாத மாதிரி ஒரு கட்டடம் கட்டறார். ஏதென்ஸ்லேருந்து 7 பையனும் 7 பொண்ணும் அதுக்கு இரையாப் போகணும். இளவரசன் தீசியஸ் தானே முன்வந்து போறான். மினோஸ் மக அரியட்னி ஒரு நூல்கண்டு குடுக்கறா. அவன் அதை வாசல்ல கட்டிட்டு உள்ள போய், மினோட்டாரைக் கொன்னுட்டு, நூலைப் பிடிச்சுக்கிட்டே திரும்பி வர்றான்.

கதைக்கு ஒரு வாலும் இருக்கு. உயிரோட வந்தா கப்பல்ல வெள்ளைப் பாய் கட்டி வர்றேன்னு அப்பா ஏஜியஸ்கிட்டச் சொல்லிட்டுப் போனவன், மறந்துபோய்க் கறுப்புப் பாயோடவே வர்றான். மகன் போயிட்டான்னு நினைச்சு அவர் கடல்ல விழுந்து இறந்துடறார். ஏஜியன் கடலுக்குப் பேர் வந்தது அவராலன்னு சொல்றாக.

பிள்ளையார் நோன்புக்குக் கானாடுகாத்தான் வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி இழை எடுத்து முடிச்சு, பணியாரமும் பொரியும் தின்னுட்டு, பட்டாலையில பாயை விரிச்சுப் படுத்திருக்கோம். கரண்டு போயிருச்சு. நடுவன் செல்லைக் கேட்டான், தரல. 'நான் கதை சொல்றேன்'னு குட்டி எந்திரிச்சு உக்காந்துட்டா. அவ சொன்னதை முடிஞ்சவரைக்கும் அப்படியே எழுதறேன். எனக்கே அதை எங்கயாவது எழுதி வைக்கணும்னு இருக்கு.

"ஒரே ஒரு ஊர்ல மினோஸ்னு ஒரு ராசா. கடல்சாமி அவுகளுக்கு வெள்ளைக்காளை குடுத்துச்சு. எனக்கு நேந்துவிட்டுருன்னு சொல்லிச்சு. அவுக விடல. நோஞ்சான் மாட்டக் குடுத்து ஏமாத்திட்டாக."

"சாமி பேரு பொசைடன்"ன்னான் நடுவன்.

"ராத்திரில சாமி பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துரும். பேசாம இருண்ணே. சாமிக்குக் கோவம். அதான் ராணிக்குப் பொறந்த தம்பிப்பாப்பாக்கு மாட்டுத்தலை. எல்லாரும் பாத்துச் சிரிச்சாக. அதனால ராசா ஒரு வீடு கட்டி உள்ள விட்டாக. இந்த வீடு மாதிரியே. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு, நாலாங்கட்டு, அஞ்சாங்கட்டு..." இருபது முப்பதாங்கட்டு வரைக்கும் போயிட்டா.

"நம்ம வீட்டுல வாசல்ல நின்னா கொல்லைக்கதவு நேரா தெரியுது. அது அப்படி இல்லடி. சுத்திச் சுத்திப் போகும்."

"அதுல கொல்லைக்கதவு வைக்கலண்ணே. அதான் வழி தெரியல."

இந்தப் பதிலுக்கு இருட்டுல வீட்டுப் பெரியவுக ஐயா சிரிச்சது கேட்டுச்சு. அவுக தூங்கிட்டாகன்னு நினைச்சிருந்தோம்.

ஏழு அண்ணன், ஏழு ஆச்சி (அக்கா) கப்பல்ல வந்தாகளாம். யார் போறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தாகளாம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக பேரைச் சீட்டுல எழுதவே மாட்டாகளாம், இது அவளா சேத்துக்கிட்டது. தீசியஸ் அவுக அப்பச்சிகிட்ட (அப்பாகிட்ட), 'செயிச்சா வெள்ளைப் பாய், செத்துப்போனா கறுப்புப் பாய்'னு சொல்லிட்டு வந்தாகளாம்.

"செத்துப்போனா அவரு எப்படிடி பாய் கட்டுவாரு?"

"கூடப் போனவுக கட்டுவாக."

அடுத்து நூல். அன்னிக்குத்தான் 21 இழையைத் திரியாப் போட்டு, மாவுல பிடிச்ச பிள்ளையார்ல வச்சுக் கொளுத்தி, ஐயா கையால வாங்கி நெருப்போட வாயில போட்டிருக்கா. பயப்படாம விழுங்கிட்டேன்னு ஊருக்கே போன் போட்டுச் சொல்லியாச்சு. அதனால, "அரியட்னி குடுத்தது ஒத்த நூல் இல்ல, இருபத்தோரு இழை. அதான் அம்புட்டுக் கட்டு தாண்டியும் அறுந்துபோகல"ன்னு ஒரே போடு.

காளை வருது. தீசியஸ் நூலோட மறுநுனியை அது கழுத்துல கட்டிட்டாக. காளை சுத்திச் சுத்தி ஓடுது. இவுக திமிலைக் கட்டிப்பிடிச்சுத் தொங்குறாக. கொஞ்ச நேரத்துல காளை நின்னுருச்சு. செயிச்சாச்சு. அண்டாவும் சைக்கிளும் பரிசு.

இந்த இடத்துல நடுவன் எந்திரிச்சே உக்காந்துட்டான். "அது மஞ்சுவிரட்டு இல்லடி! கொன்னுட்டான். குத்திக் கொன்னுட்டான்!"

"கொல்லல. அது அரியட்னியோட தம்பி."

"தம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது அரக்கன்."

"ராணிக்குத்தானே பொறந்துச்சு? அரியட்னியும் ராணிக்குத்தானே பொறந்தாக? அப்ப தம்பிதானே? சொந்தத் தம்பியைக் கொல்லவா நூல் குடுப்பாக?"

ஒருத்தரும் பேசல. நான் அந்தக் கதையை எத்தனையோ ராத்திரி சொல்லியிருக்கேன், புத்தகத்துலயும் ராணி பிள்ளைன்னு போட்டிருக்கு, அரியட்னியை மகள்னும் போட்டிருக்கு. ரெண்டையும் யாரும் கூட்டிப் பாக்கல. பெரியவ என் செல்லை எடுத்துத் தேடிப் பாத்துட்டு, "ஆமாடா, தாய் ஒண்ணுதான். பேருகூட இருக்கு, ஆஸ்டீரியன்"ன்னா. நடுவனுக்கு முகம் சுருங்கிப்போச்சு. உடனே, "ஆனாலும் கொன்னதுதான் கதை. அப்புறம் அவுக அப்பச்சி கடல்ல குதிச்சுச் செத்துட்டாரு, அதையும் சொல்லு"ன்னான். குட்டி அழ ஆரம்பிச்சு, கதை அத்தோட நின்னுருச்சு.

அன்னிலேருந்து இவ வாயைத் திறந்தாலே அவன் திருத்தறான். பெரியவ ஒரு நாள் இவ கட்சி, ஒரு நாள் அவன் கட்சி. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல கதை சொல்ற போட்டி இருக்கு, இதைத்தான் சொல்லுவேன்னு நிக்கிறா. 'தப்பாப் பதிஞ்சா அப்புறம் அழிக்க முடியாது, இப்பவே சரியாச் சொல்லிக் குடு'ங்கறது எங்க வீட்டுக்காரவுக கட்சி. அவ போக்குல விடலாம்னு எனக்கு இருக்கு. ஆனா ராணிக்கு எப்படி மாட்டுத்தலைப் பிள்ளை பிறந்துச்சுன்னு அவ இன்னும் துருவிக் கேக்கல. கேட்டா என்ன சொல்றது? அந்த அப்பா சாகற இடத்தை என்ன செய்யறது? அனுபவப்பட்டவுக சொல்லுங்க.

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்:

வேலை பாத்த காலம் முழுக்க ஒண்ணாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும்தான் எடுத்தேன் தங்கச்சி. அதனால கொஞ்சம் உரிமையோட சொல்றேன்.

வீட்டுல கடைசிப் பிள்ளைக்கு எப்பவும் ஒரு குறை. அது என்ன சொன்னாலும் மேல உள்ளதுகளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். கதை சொல்றப்பதான் ரெண்டு பெரிய ஆளுக இருட்டுல படுத்துக்கிட்டு இது வாயைப் பாக்குறாக. அந்த இடத்தைத்தான் உங்க மகன் பிடுங்கிக்கிறான். அவனுக்கும் கெட்ட எண்ணம் இல்ல. நேத்து வரைக்கும் அவன்தானே தங்கச்சிக்குச் சொல்லிக் குடுக்கற ஆளா இருந்தான்.

நான் வகுப்புல வச்சிருந்த சட்டம் இது: கேள்வி கேக்கலாம், திருத்தக் கூடாது. 'செத்துப்போனா எப்படிப் பாய் கட்டுவாரு'ன்னு கேட்டான் பாருங்க, அருமையான கேள்வி. அதுக்கு அவ யோசிச்சு ஒரு பதில் கண்டுபிடிச்சா. கதை முன்னால போச்சு. 'கொன்னுட்டான்டி'ங்கறதுல அவளுக்குச் செய்ய ஒண்ணும் இல்ல. ஒண்ணு ஒத்துக்கணும், இல்லாட்டி சண்டை போடணும். இவ முழுசா முடிச்சப்புறம் அவனை உக்காத்தி வச்சு, அவன் கதையை முதல்லேருந்து கடைசி வரைக்கும் அவனையே சொல்லச் சொல்லுங்க. அப்ப இவளுக்கும் அதே சட்டம். துண்டு துண்டாத் திருத்தறது எளிசு, முழுசாச் சொல்றது எம்புட்டுக் கஷ்டம்னு அவனுக்கே தெரியும்.

'தப்பாப் பதிஞ்சுரும்'ங்கற பயம் வேண்டாம்னு வீட்டுல சொல்லுங்க. பேர்களை எல்லாம் சரியாச் சொல்றா. வெள்ளைக்காளை, பலி, கட்டடம், பதினாலு பேர், நூல், பாய்னு வரிசை ஒண்ணும் மாறல. மாத்தினது ஒரே ஒரு இடம். அதுக்குக் காரணமும் சொல்லிட்டா. ஞாபகப் பிசகுல பிள்ளைக மாத்தறதையும் தெரிஞ்சே மாத்தறதையும் பாத்தவுடனே சொல்லிரலாம், பிசகுன்னா கேட்ட உடனே பிள்ளைகளே ஒத்துக்கிரும்.

போட்டிக்கு ஒரு யோசனை. ஆரம்பத்துலயே, 'புத்தகத்துல காளை செத்துரும், நான் சொல்றதுல சாகாது'ன்னு அவளையே சொல்ல விடுங்க. நடுவரா வர்றவுகளுக்கும் குழப்பம் இருக்காது.

அப்பா இறக்கற இடத்துல அவளை இழுக்காதீக. அது இருக்குன்னு அவளுக்குத் தெரியும், மறைக்க ஒண்ணும் இல்ல. கப்பல் கடல்ல வருதுங்கற வரைக்கும் சொல்லிட்டு நிப்பாட்டட்டும். ஒரு வருசம் கழிச்சு அவளே மிச்சத்தைச் சொல்லுவா.

சிராவயல் பக்கத்துத் தம்பி:

அக்கா, கிரேக்கம் எனக்குத் தெரியாது, மாடு தெரியும். அதனால உள்ள வந்தேன்.

பாப்பா ரெண்டு ஆட்டத்தை ஒண்ணாக் கலந்துருச்சு. கழுத்துல கயிறு கட்டிக் காளை வட்டம் சுத்தறது வடமாடு. வடத்தோட நீளத்துக்குள்ள காளை சுத்தும், ஒரு குழுவுல பெரும்பாலும் 9 பேர் இறங்குவாக, குறிச்ச நேரத்துக்குள்ள பிடிக்கணும். நேரம் முடிஞ்சும் பிடிபடலன்னா காளை செயிச்சதாக் கணக்கு, பரிசு காளைக்காரவுகளுக்கு. மஞ்சுவிரட்டுல கயிறே கிடையாது. எங்க சிராவயல்ல தை 3ஆம் தேதி திடல்ல வந்து பாத்தீகன்னா தெரியும். மத்தபடி திமிலைப் பிடிச்சதுன்னு சொன்னுச்சு பாருங்க, அதுதான் சரியான பிடி. கொம்பைப் பிடிக்கறதும் வாலைப் பிடிக்கறதும் ஆகாது. கண்ணால பாக்காம இப்படிச் சொல்ல வராது. எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனீக?

ராணிக்கு மாட்டுத்தலைப் பிள்ளை எப்படின்னு கேட்டா என்ன சொல்றதுன்னு கேட்டிருந்தீக. பாப்பாவே சொல்லிருச்சே. நேந்துவிட்ட மாட்டைத் தரல, அதான். எங்க ஊருகள்ல கோயிலுக்குன்னு விட்ட காளையை விக்க மாட்டாக, மாத்த மாட்டாக, அது யார் வயல்ல மேஞ்சாலும் அடிக்க மாட்டாக. செத்தா மாலை போட்டு, மேளத்தோட கொண்டுபோய்ப் புதைப்பாக. அப்படி ஒரு மாட்டுக்குப் பதிலா வத்தல் மாட்டைத் தள்ளிவிட்டா சாமி சும்மா விடுமா? ஆறு வயசுப் பிள்ளைக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். பெரிய பாப்பா கேட்டா அது உங்க பாடு.

ஒண்ணே ஒண்ணு. கதையில தப்பு பண்ணது ராசா. அடைபட்டுக் கிடந்தது மாட்டுத்தலைப் பிள்ளை. குத்துப்பட்டுச் செத்ததும் அதுவே. உங்க சின்னப் பாப்பா கட்சிதான் நான்.

தேவகோட்டையார்:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் எதிர்ப்பக்கத்துக்கு ஓர் ஆளாவது வேண்டும் என்று எழுதுகிறேன். எண்பதைத் தாண்டியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் சொல்வது சரி. காளை சாகவில்லை என்றால், முன்னால் போன பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன பதில்? தீசியஸ் போனது முதல் கப்பலில் அல்லவே. அதற்கு முன்பும் கப்பல்கள் போயிருக்கின்றன, ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. காளைக்கு இரக்கப்படுகிற குழந்தை அந்த ஆத்தாக்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். ஆத்தா செக்காலை, உங்கள் மகளிடம் நான் கேட்டதாக இதைக் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம்.

கறுப்புப் பாய்க்கு வருகிறேன். அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று டீச்சர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்களில் அது வேற்று நாட்டுக் கதையே இல்லை. கொண்டுவிக்க, அதாவது தொழிலுக்காகக் கடல் கடந்து, போனவர்கள் ஒரு கணக்கு முடிய மூன்று வருடம் பர்மாவிலோ மலாயாவிலோ இருப்பார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால், வருகிற கடிதம்தான் ஆள் இருப்பதற்கு அடையாளம். 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது அங்கே இருந்த நம்மவர்கள் காட்டுவழியாகவும் மலைவழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். எங்கள் வீட்டில் ஒருவர் தவறிப்போனதாகச் செய்தி வந்து, செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டார்கள். பிறகு அவரே வந்து நின்றார். தாடியும் மீசையுமாக முகப்பில் நின்றவரை யாரோ பண்டாரம் என்று நினைத்து அரிசி போடப் போனார்களாம். அப்போது நான் கைப்பிள்ளை, எல்லாம் அப்பத்தா சொல்லிக் கேட்டதுதான். அவரைப் பெற்ற ஐயா மட்டும் அதைப் பார்க்க இல்லை. பொய்ச்செய்தி வந்த அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார்.

எங்கள் அப்பத்தா இதை என்னிடம் சொன்னபோது எனக்கும் ஆறேழு வயதுதான் இருக்கும். ராத்திரி தூங்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

பழைய புத்தகக்காரன்:

சண்டையை இன்னும் கொஞ்சம் சிக்கலாக்குகிறேன். 'புத்தகத்தில் இருப்பதுதான் கதை' என்று நடுவன் சொல்கிறான். எந்தப் புத்தகம் என்று அவனைத் திருப்பிக் கேட்கலாம்.

சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் புளூட்டார்க் என்ற கிரேக்கர் தீசியஸின் வாழ்க்கையை எழுதினார். அவருக்கே இது மிகப் பழைய கதை. ஆகவே யார் யார் என்ன என்ன சொல்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அதில் ஃபிலோகோரஸ் என்பவர் கிரீட் தீவுக்காரர்கள் சொன்னதாகக் குறித்த கதை ஒன்று உண்டு. அந்தக் கட்டடம் வெறும் சிறைச்சாலையாம். மாட்டுத்தலை அரக்கனே கிடையாதாம். மினோஸின் மகன் ஆண்ட்ரோஜியஸ் ஏதென்ஸ் மண்ணில் இறந்தவன், அவன் நினைவாக மினோஸ் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார், சிறையில் வைத்திருந்த பிள்ளைகள்தான் ஜெயித்தவனுக்குப் பரிசு. வழக்கமாக ஜெயிப்பவன் டாரஸ் என்ற தளபதி. தீசியஸ் மல்யுத்தத்தில் அவனைக் கீழே தள்ளுகிறான். மினோஸுக்கே அந்தத் தளபதியைப் பிடிக்காது என்பதால் மகிழ்ந்துபோய்ப் பிள்ளைகளைத் திருப்பித் தருகிறார், இனிமேல் கப்பம் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார். அரியட்னி பார்வையாளர் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். மோதல் உண்டு, வெற்றி உண்டு, கொலை இல்லை. டாரஸ் என்றால் காளை. உங்கள் கடைக்குட்டி பட்டாலையில் சொன்னதற்கு இது எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். குறிப்பாக அந்த அண்டா, சைக்கிள்.

பாயின் நிறத்திலும் தகராறு உண்டு. வெள்ளைப் பாய் இல்லை, செஞ்சாயம் ஏற்றிய பாய் என்று சிமோனிடஸ் என்ற கவிஞர் பாடியிருப்பதாகவும் அதே புளூட்டார்க் எழுதுகிறார். அரியட்னிக்கு என்ன ஆனது என்பதில் இன்னும் மோசம். தீசியஸ் அவளை நாக்சோஸ் தீவில் விட்டுவிட்டுப் போனான், டயோனிசஸ் தெய்வம் வந்து மணந்துகொண்டது என்பது பலருக்கும் தெரிந்த முடிவு. தூக்குப் போட்டுக்கொண்டாள் என்பவர்களும் உண்டு. சைப்ரஸ் தீவில் பிரசவ வலியில் இறந்தாள் என்பவர்களும் உண்டு. பழங்கவிஞர் ஹோமரோ ஆர்ட்டெமிஸ் தெய்வம் அவளைக் கொன்றதாகச் சொல்கிறார். ஏதென்ஸ்காரன் சொன்னால் தீசியஸ் பெரிய வீரன், கிரீட்காரன் சொன்னால் மினோஸ் அவ்வளவு கெட்டவர் இல்லை. ஊருக்கு ஊர் கதை மாறும்போது கானாடுகாத்தானில் மட்டும் மாறக்கூடாதா?

காளையைக் கட்டித் தொங்குவதற்கும் ஆதாரம் இருக்கிறது என்று நடுவனிடம் சொல்லுங்கள். கிரீட்டில் க்நோசாஸ் என்ற இடத்தில் 1900ஆம் ஆண்டு தொல்லியல் ஆய்வாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட ஓர் அரண்மனை கிடைத்தது. அதன் சுவரோவியம் ஒன்றில் பாய்ந்து வரும் காளையின் முதுகுக்கு மேல் ஒருவர் குட்டிக்கரணம் போடுகிறார், இன்னொருவர் முன்னால் கொம்பைப் பிடித்திருக்கிறார், மூன்றாமவர் பின்னால் கை நீட்டி நிற்கிறார். யார் கையிலும் கத்தி இல்லை. வயது ஏறத்தாழ 3,500 ஆண்டு. ஹெராக்ளியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கொம்பைப் பிடிப்பது ஆகாது என்று சிராவயல் தம்பி அவர்களிடம் சண்டைக்குப் போகலாம்.

தம்பிப்பாப்பா என்று அவள் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் சேகரிப்பில் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்ருஸ்கன் (பழைய இத்தாலிய மக்கள்) கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் பாசிஃபே உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கன்றுத் தலையோடு ஒரு கைக்குழந்தை. மற்ற ஆயிரம் ஜாடிகளில் தீசியஸ் அதே பிள்ளையின் கழுத்தில் வாளைச் செருகிக்கொண்டிருக்கிறான். போட்டிக்கு ஏதாவது படம் காட்ட அனுமதி இருந்தால் அந்தக் கிண்ணத்தின் படத்தை அச்செடுத்துக் கொடுங்கள்.

செக்காலைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியல. கானாடுகாத்தான் வீட்டைப் பூட்டிச் சாமான்களை ஏத்தி வர்ற வேலை, அப்புறம் பரீட்சை.

டீச்சர் சட்டம் வேலை செய்யுது. முழுசா இல்ல, பாதி. நடுவன் இப்ப திருத்தறதையே கேள்வியா மாத்திக் கேக்கறான். 'அப்ப அந்தக் கத்தி என்னாச்சு?'ன்னு கேட்டான். 'அது மாம்பழம் வெட்ட'ன்னா. அவன் பங்குக் கதையை அவனும் சொன்னான். சண்டைக் காட்சி மட்டும் அரைமணி நேரம், அரியட்னி ஒரு வரியில வந்து நூலைக் குடுத்துட்டுப் போயிட்டா. குட்டி ஒரு கேள்வியும் கேக்காம கேட்டுட்டு, 'நல்லாருக்குண்ணே, ஆனா அம்புட்டு ரத்தம் எதுக்கு?'ன்னா.

பெரியவதான் எதிர்பாக்காத பக்கம் திரும்பிட்டா. புத்தகக்காரர் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். தம்பியைக் காட்டிக் குடுத்து, சொந்த ஊரை விட்டு, ஒருத்தனை நம்பி வந்தவளைத் தீவுல விட்டுட்டுப் போனானான்னு அவளுக்கு ஆத்திரம். 'பாயை மறந்ததைப் பெரிசாச் சொல்றாக, இவளை மறந்ததை ஏன் யாரும் பெரிசாச் சொல்லல'ங்கறா. சாமி வந்து கட்டிக்கிட்டதெல்லாம் பின்னால வச்ச சமாதானமாம். எனக்கும் அப்படித்தான் படுது. அவளும் ஒரு கதை எழுதிக்கிட்டு இருக்கா, காட்ட மாட்டேங்கறா. ராணிக்கு எப்படிப் பிள்ளை பிறந்ததுங்கற விவகாரத்தை இன்னும் யாரும் கேக்கல. ராணி உள்ள ஒளிஞ்சுக்க டீடலஸ் செஞ்சு குடுத்த மர மாடு கதையெல்லாம் பெரியவ தானே தேடிப் படிச்சிருப்பான்னு தோணுது. நானா எடுக்கப்போறதில்ல.

கிண்ணத்துப் படத்தை அச்செடுத்தாச்சு. போட்டிக்குப் படம் கொண்டுபோகக் கூடாதுன்னுட்டாக, அதனால குட்டியோட மேசைக்கு மேல ஒட்டியிருக்கு. டீச்சர் சொன்ன ஆரம்ப வரியைப் பாடம் பண்ணிட்டா. பாய் கட்டின கப்பலோட முடிக்கறதாத்தான் இப்போதைக்கு.

தேவகோட்டை ஐயா, நீங்க சொன்னபடி கோவப்படாமதான் கேட்டேன். முன்னால வந்த பிள்ளைகளோட ஆத்தாக்களுக்கு என்ன பதில்னு. கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம், "அந்தப் பிள்ளைகள் யாரும் சாகல. மூணாங்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாக. தீசியஸ் எல்லாரையும் சேத்துத்தான் கூட்டியாந்தாக. மாடு எங்கயாவது மனுசனைத் திங்குமா? வைக்கோல்தானே திங்கும்?" அப்படின்னா. பர்மாவுலேருந்து நடந்து வந்தவுக கதையையும் சொன்னேன். அரிசி போடப் போன இடத்துல சிரிச்சா. அவுக ஐயா இல்லாமப் போனதைச் சொன்னப்ப, 'கடுதாசி போட்டவுக யாரு'ன்னு மட்டும் கேட்டா. எனக்குத் தெரியலன்னேன்.

வைக்கோல் பதிலுக்கு நடுவன் விடல. தலைதானே மாடு, வயிறு மனுச வயிறுதானே, வைக்கோல் எப்படிச் செரிக்கும்னு நேத்துலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கான். சாப்பாட்டுத் தட்டு முன்னாடி இதே சண்டை. சிராவயல் தம்பி, இதுக்கு நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்.

சிராவயல் பக்கத்துத் தம்பி:

மாட்டுக்கு மேல்வாயில முன்பல்லே கிடையாது அக்கா, வெறும் ஈறுதான். அதை வச்சுக் கறியைக் கடிச்சு இழுக்க முடியாது. தலை மாட்டுத்தலைன்னா மனுசனைத் தின்னுருக்க வழியில்ல, சின்னப் பாப்பா சொன்னது சரி.

ஆனா வைக்கோல் செரிக்க நாலு அறை வயிறு வேணும், அசைபோடணும். மனுச வயித்துல வைக்கோல் அப்படியே கிடக்கும். அதுல நடுவன் சொல்றதுதான் சரி. கஞ்சித்தண்ணியும் தவிடும் வச்சிருப்பாகன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா சொல்லுங்க.